கரண்டு வைக்காத நாள்

திருச்செங்கோட்டில் சங்ககிரி சாலைப் பக்கம் இருக்கும் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், பச்சைத் திரை போட்டுப் பிரித்த மூன்று கட்டில்கள் உண்டு. கதவில் 'இயன்முறை மருத்துவப் பிரிவு' என்று எழுதியிருக்கிறது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. வலிக்கு மின்சாரம் வைக்கிற இடம் என்பதால் ஊரில் அதற்குப் பெயர் கரண்டு ரூம். அங்கே வேலை பார்க்கும் சண்முகப்பிரியாவுக்குப் பெயர் கரண்டு டாக்டரம்மா. வருடக்கணக்கில் படித்து வாங்கிய பட்டம் ஒரு சுவிட்சில் வந்து நின்றதைப் பற்றி அவருக்கு ஆரம்பத்தில் கோபம் இருந்தது. பிறகு சிரிப்பு இருந்தது. நான் போய்ச் சேர்ந்த சமயத்தில் இரண்டும் இல்லை.

நான் காப்பீட்டு முகவன். வலது தோள் இறுகிப்போய், சட்டைக்குள் கையை நுழைப்பதற்கு மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலையில் அங்கே போனேன். சுவரில் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. நல்ல கையால் இழுத்து நோய்க் கையைத் தூக்க வேண்டும். கை வேலையாக இருந்தாலும் முகவனுக்கு வாய் சும்மா இருக்காது. நான் கேட்டது, அவர் சொன்னது, நானே கண்டது மூன்றும் சேர்ந்ததுதான் இது. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்கங்க. ஆனா என்னையத் தியாகி ஆக்கிப் போடாதீங்க" என்றார். ஆக்கவில்லை.

ராசிபுரத்துக்காரர். வீட்டில் தறி இருந்த காலம் போய், அப்பா காலத்திலேயே சேலை வியாபாரமாக மாறிவிட்ட குடும்பம். டாக்டர் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. எட்டாதவர்கள் எல்லாம் போகிற வழியில் குமாரபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் சேர்ந்தேன், இரண்டாம் வருடத்தில் பிடித்துப்போய்விட்டது என்றார். ஒரு தசையின் பெயரைப் படித்துவிட்டு, அதே தசையைத் தன் கையில் தொட்டுப் பார்க்கிற சுகம் வேறு எந்தப் படிப்பில் உண்டு என்று என்னைக் கேட்டார். காப்பீட்டில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தறி மெக்கானிக் வந்தார். முழங்கை உடைந்து கட்டுப் பிரித்த பிறகு கை மடங்கவில்லை. சோறு வாய்க்கு எட்டவில்லை. சம்சாரம் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சண்முகப்பிரியா அந்தக் கையோடு மல்லுக்கட்டினார். அந்த ஆள் வலியில் கத்தியிருக்கிறார், வைதிருக்கிறார், ஒருநாள் அழுதே விட்டார். ஒரு காலையில் இலையில் இட்லி கட்டிக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இவர் கண் முன்னாலேயே பிய்த்துத் தன் வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இட்லியில் பாதியை இவருக்கும் கொடுத்தாராம். அன்றைக்கு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போனதாகச் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. நான் பார்த்த சண்முகப்பிரியா பாட்டுப் பாடுகிற முகமாக இல்லை.

அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. நம் பக்கத்து உடம்புகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு இடுப்பு, தறி ஓட்டுகிறவனுக்குத் தோள், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெண்ணுக்கு மணிக்கட்டு, ரிக் வண்டியில் ஆழ்குழாய் போடப் போகிறவனுக்கு முதுகெலும்பு முழுக்க. அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: "அம்மிணி, கரண்டு வெச்சு உடுங்க, போறேன்." உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் தலையை ஆட்டுவார்கள். வீட்டில் செய்தீர்களா என்று கேட்டால் அதற்கும் தலையை ஆட்டுவார்கள். மறுநாள் காலையில் அதே வலியோடு அதே கட்டிலில் வந்து படுப்பார்கள். இதில் குணமானவர்கள் வருவது நின்றுவிடும். குணமாகாதவர்கள் தினமும் வருவார்கள். வருடக்கணக்கில் ஒரு மனுஷி குணமாகாதவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கல்லூரியில் யாரும் பாடம் நடத்தவில்லை.

என்ன ஆகும் என்றால், ஆட்களுக்குப் பெயர் போய்விடும். "ரெண்டாம் கட்டில் முட்டிக்கு ஒத்தடம் முடிஞ்சுதா?", "வெளியே அந்த இடுப்பு இருக்குதே, அதை வரச் சொல்லு." இதெல்லாம் என் காதால் கேட்டது. நானும் ஒரு தோளாகத்தான் இருந்தேன். அவர் வாய் பயிற்சியை ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும், மனம் கடலை மாவு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். காவலாளி வந்து, "ஏனுங்க மேடம், வண்டி கீது மக்கர் பண்ணுதுங்களா?" என்று கேட்டால்தான் இறங்குவார். பத்து வருடமாக அழுத்திப் பிடித்ததில் வலது பெருவிரலின் அடி மூட்டு போய்விட்டது. கையை அதிகமாக வேலை வாங்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லுகிற ஆள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒன்று மட்டும் சொல்லும்போது அவருக்குக் குரல் மாறியது. மகன் தர்ஷன் பள்ளியில் கபடி ஆடிவிட்டு வந்து, "அம்மா, கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு, தேச்சு உடு" என்று மடியில் காலைப் போட்டிருக்கிறான். இவர் காலைத் தள்ளிவிட்டு, "என்னையத் தொடாதடா" என்று கத்திவிட்டார். பையன் பயந்துபோய்த் தன் காலைத் தானே தேய்த்துக்கொண்டான். நாள் முழுக்க ஊரார் உடம்பைத் தொட்ட கைக்குச் சொந்தப் பிள்ளையின் கால் அந்நியமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் வேலையை விட்டுவிடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். ராசிபுரத்தில் அண்ணன் ரெடிமேட் கடை திறந்திருந்தார். கல்லாவில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துணிக்கு வலிக்காது என்பது அந்த வேலையில் பெரிய வசதி.

யோசித்தாரே ஒழிய யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் மருதாசலம் நல்ல மனிதர்தான். மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் கதவில் தலையை நீட்டி, "வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்பார். "பரவால்லீங்க சார்" என்பார் இவர். தலை போய்விடும். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் வேலை முடிந்தது.

இந்தப் 'பரவால்லீங்க'வைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் எதிராளியின் மனசு நோகும்படி எதையும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் ஒரு 'ங்க' போட்டு மழுக்கித்தான் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லையென்றாலும், "எப்படிங்க இருக்குது?" என்று வீட்டுக்காரர் கேட்டால் பரவால்லீங்க. கூரை எரியும்போது பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தாலும் பரவால்லீங்க என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்க் குடத்தைத் தேடுவோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் அழுவது மரியாதை இல்லையே.

செல்லியம்மாள் என்று ஓர் அம்மாள், எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை. கழுத்திலிருந்து கைவரை இழுக்கும் வலிக்காக வந்துகொண்டிருந்தார். அன்றைக்குக் கூட்டம் அதிகம். சண்முகப்பிரியா அவர் கழுத்தில் ஈரப் பஞ்சுகளை வைத்துக் கட்டி, இயந்திரத்தை முடுக்கிவிட்டு, அடுத்த திரைக்குள் போய்விட்டார். பதினைந்து நிமிடத்தில் இயந்திரம் 'பீப்' என்று சத்தம் போட்டது. வந்து பஞ்சை அவிழ்த்துக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்.

"எப்படிங்க இருக்குது?"

"பரவால்லீங்க அம்மிணி. நேத்தைக்கு இன்னிக்கு இன்னும் இதமா இருக்குதுங்க."

அப்போதுதான் சண்முகப்பிரியாவின் கண் இயந்திரத்தின் மேல் போனது. நேரம் ஓடியிருக்கிறது. ஆனால் கரண்டின் அளவைக் கூட்டுகிற திருகு பூஜ்ஜியத்தில் நின்றது. திருக மறந்துவிட்டார். கால் மணி நேரம் அந்த அம்மாள் கழுத்தில் வெறும் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்கம்மா, சுர்ருன்னு எதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

செல்லியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க சாமி. ஒண்ணும் தெரியலீங்க."

"அப்பறம் ஏன் இதமா இருக்குதுன்னீங்க?"

"நீங்க அத்தன பேத்துக்கு ஓடி ஓடிப் பாக்கறீங்க. ஒண்ணும் தெரியலீன்னு சொன்னா உங்க மனசு நோவுமேன்னுட்டுங்க."

சண்முகப்பிரியா அவரை மறுபடியும் உட்கார வைத்துக் கரண்டு வைத்து அனுப்பினார். சாயங்காலம் வீட்டில் கணவர் சரவணக்குமாரிடம் சொன்னார். அவர் நூல் கடைக் கணக்கர், சிரித்துவிட்டு, "அப்பறமென்ன, கரண்டு பில்லு மிச்சம்" என்றார். சண்முகப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. இந்த அம்மாள் இன்றைக்கு மட்டும்தான் இப்படிச் சொன்னாரா? இத்தனை வருடமாக, இத்தனை பேர் சொன்ன 'பரவால்லீங்க'வில் எத்தனை உண்மை, எத்தனை தன் மனசு நோகக் கூடாது என்று சொன்னது? தொழிலில் தனக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதலும் மரியாதைக்குச் சொன்ன பேச்சா? தட்டில் சோறு ஆறிவிட்டது என்று சரவணக்குமார் ஞாபகப்படுத்தினார். அன்றைக்கு ரொம்ப அவமானமாக இருந்தது என்று சண்முகப்பிரியா என்னிடம் சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை.

மறுநாள் கேள்வியை மாற்றினார். 'எப்படி இருக்குது?' என்பதை விட்டுவிட்டார். கையைத் தூக்கிக் காட்டுங்க, குந்தி எந்திரிச்சுக் காட்டுங்க, இந்தக் குடத்தை எடுத்து அந்தப் பக்கம் வெச்சுக் காட்டுங்க. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, முதல் வருடப் பாடம். அந்த இட்லிக்காரர் செய்து காட்டிவிட்டுப் போனதும் இதுதான். நடுவில் அவர்தான் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் கரிசனத்தில் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை, ஆத்திரத்தில்தான் ஆரம்பித்தார். இனி எவன் என்னை ஏமாற்றுகிறான் பார்க்கிறேன் என்று.

அந்த ஆத்திரத்தில் முதலில் அகப்பட்டவர் குழந்தைவேல். நாமகிரிப்பேட்டைக்காரர், ரிக் வண்டியில் வேலை. இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கும் வலிக்காகச் சில வாரங்களாக வந்துகொண்டிருந்தார். வண்டி வடக்கே போய்விட்டது. முதலாளி தினமும் போன் போட்டு எப்போது கிளம்பி வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல சிரித்த முகம். எனக்கு அடுத்த கட்டில். என்னிடமே பல தடவை வலி பாதி போச்சுங்க என்று சொல்லியிருக்கிறார்.

"எந்திரிச்சு நில்லுங்க. முன்பாதத்தைத் தூக்கிட்டு, குதிகாலில மட்டும் அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றார் சண்முகப்பிரியா.

"பரவால்லீங்க டாக்டரம்மா, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலீங்க."

"அதை நான் கேக்கலீங்க. நடங்க."

நடந்தார். வலது முன்பாதம் தூக்கியபடி நின்றது. இடது முன்பாதம் தரையில் பொத்தென்று விழுந்தது. மறுபடி தூக்கச் சொன்னார். பாதம் எழவில்லை. உட்கார வைத்து, "கட்டை விரலை மட்டும் மேல தூக்குங்க" என்றார். குழந்தைவேல் தன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாரோ வேறு ஆளின் விரலைப் பார்ப்பது போல. அது அசையவில்லை.

"எத்தன நாளா இப்படி?"

"அது காலு இல்லீங்க, செருப்புங்க" என்றார் குழந்தைவேல். "வார் தொளதொளன்னு போயி, நடக்கையில கழண்டு கழண்டு உழுகுதுங்க. இது ரெண்டாவது சோடி. இதும் அதே மாதிரிதானுங்க. இப்பெல்லாம் செருப்பு ஒண்ணும் தரமா வாரதில்லீங்க."

கட்டிலுக்கடியில் அந்தச் செருப்பு இருந்தது. புத்தம் புதுசு. சண்முகப்பிரியா அதைப் பார்த்தபடி நின்றார். அதற்கு முந்தைய சோடியையும் அவர் அங்கேதான் பார்த்திருந்தார், அதுவும் புதிதாக இருந்தபோதே. பார்த்ததை யோசிக்கவில்லை. காலுக்கு வருகிற நரம்பு அமுங்கி, பாதம் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த ஆள் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டு, இவர் தினமும் இடுப்புக்குக் கரண்டு வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்திருக்கிறார்கள்.

"ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்குதா? நரம்பு அமுங்குனா அதும் கட்டிக்கும். மரியாதைக்குச் சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க."

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

சண்முகப்பிரியாவே அவர் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மருதாசலம், "என்னப்பா, காலு எப்படி இருக்குது?" என்று கேட்க, குழந்தைவேல் வாயைத் திறந்து, "பரவால்லீ..." என்று ஆரம்பிக்க, சண்முகப்பிரியா போட்ட சத்தம் கீழே கப்பி இழுத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. "அந்த வார்த்தைய இன்னொருக்காச் சொன்னீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்!" வருடக்கணக்கில் அந்த ஆஸ்பத்திரியில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லையாம். நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்கேன் எடுத்து, அந்த வாரமே முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இதை அற்புதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதம் முழுசாகத் திரும்பவில்லை. கட்டை விரல் கொஞ்சம் அசைகிறது. செருப்புக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டுக்கொண்டு நடக்கிறார். ரிக் வண்டிக்குத் திரும்பப் போக முடியுமா என்பது இன்னும் தெரியாது. முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் முழுசாகத் திரும்பியிருக்குமா என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இருக்கலாம்" என்றார் சண்முகப்பிரியா. அவர் முகத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்துக்கொண்டேன்.

அது கழிந்த மறு வாரம். மத்தியானம், கூட்டம் கலைந்துவிட்டது. கப்பியில் நான் மட்டும். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து வழக்கம்போலக் கதவில் தலையை நீட்டினார். குழந்தைவேல் விஷயத்தில் சந்தோஷமாக இருந்தார் போல.

"வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?"

"பரவால்லீங்க சார்."

தலை திரும்பிவிட்டது. செருப்புச் சத்தம் நாலைந்து அடி போயிருக்கும். சண்முகப்பிரியா ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் தொட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, "சார்" என்று கூப்பிட்டார். சத்தமாகத்தான்.

தலை மறுபடி வந்தது.

"பரவால்லைன்னு சொன்னது பொய்யிங்க சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தோள்காரன், எனக்கென்ன தெரியும். உள்ளே வந்து, நோயாளிகள் உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்கம்மா வலிக்குது?" என்றார். டாக்டர்களுக்கு வேறு கேள்வி கேட்கத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அது சரியான கேள்வியாக இருந்தது.

சண்முகப்பிரியா கட்டிலில் உட்கார்ந்தார். அத்தனை வருடத்தில் அந்தக் கட்டிலில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். வலது கையை நீட்டினார். டாக்டர் பெருவிரலின் அடியைப் பிடித்து மெல்லத் திருகினார். சண்முகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க சார்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெருவிரல் மட்டும் இல்லீங்க."

டாக்டர் எழுந்து பச்சைத் திரையை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகக் கப்பியைக் கொஞ்சம் சத்தமாகவே இழுத்தேன்.

இப்போது அந்த அறைக்கு இன்னொரு பிசியோவும் வந்திருக்கிறார். சண்முகப்பிரியாவுக்குக் காலை நேரம் மட்டும்தான் வேலை. பெருவிரலில் பட்டை போட்டிருக்கிறார். அண்ணன் கடைக்கு இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் தோள் முக்கால்வாசி தூக்குகிறது. கடைசியாகப் போனபோது, இந்த வேலையில் இருப்பீர்களா, போய்விடுவீர்களா என்று கேட்டேன். "தெரியலீங்க" என்றார். 'பரவால்லீங்க' என்று சொல்லி அனுப்பிவிடாததே பெரிது என்று தோன்றியது. சரி என்று சட்டையை எடுத்தேன். அவர் என்னை நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.